ஈ வெளியே வரட்டும்

பின்னறை ஜன்னல் வலையில் பச்சை ஈக்கள் உட்கார்ந்திருந்ததைச் சந்திரகலா முதலில் பார்த்தது, வீட்டில் பலாப்பழம் வெட்டிய சனிக்கிழமை அன்று. கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பழம் முன்பக்க வராந்தாவில் இருந்தது. கணவன் வெள்ளைச்சாமி பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த பழம். அதைச் சுற்றிச் சாதாரண வீட்டு ஈக்கள்தான் மொய்த்தன. ஜன்னல் வலையில் இருந்தவை வேறு.

அவளுக்கு அவற்றைத் தெரியும். எம்.எஸ்ஸி. படித்தபோது கடலூர் மீன் சந்தையில் ஒரு வருஷம் ஈ பிடித்தவள். சின்னதாக, பச்சையில் செம்பு மினுக்கு ஓடினால் ஒரு சாதி. முகம் வெளுத்து, வயிற்றுக் கட்டுகளில் கறுப்புக் கரை இருந்தால் இன்னொன்று. வலையில் இருந்தவற்றுக்கு உடம்பை மீறிய பெரிய தலை. தலை முழுக்கச் செங்கல் நிறக் கண். பெரியதலை ஈ. மீன் குடல், செத்த நாய், கக்கூஸ் எங்கிருந்தாலும் அதுதான் முதலில் வந்து சேரும். பலாப்பழத்துக்கும் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இவை பழத்தைத் தேடிப் போகவில்லை. வலையின் கிழிந்த மூலையைத் தேடி ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதன் தலை அவ்வளவு பெரிதில்லை. முகத்தில் மஞ்சள் தெரிந்த மாதிரி இருந்தது. கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

வலைக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் வெள்ளைச்சாமியின் அண்ணன் அய்யாசாமி படுத்திருந்தார். அருப்புக்கோட்டையில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தவர். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. சர்க்கரை முற்றிப்போனதும், ஒரு மாசம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தம்பி வீட்டுக்கு வந்தார். வந்தவர் போகவில்லை. இரண்டே அறை உள்ள குவார்ட்டர்ஸ். பின்னறையில் உட்கார்ந்து சந்திரகலா தன் ஸ்கூல் வேலையைப் பார்ப்பது வழக்கம். இப்போது அது அவர் அறை. பீடிப் புகை சமையலறை வரைக்கும் வந்தது. அவள் வீடு திரும்பும்போதெல்லாம், "டீச்சரம்மாவுக்கு இன்னைக்கு நேரமாயிருச்சோ" என்று கேட்பார். அதில் கேலி இருந்ததா இல்லையா என்று அவளால் சொல்ல முடிந்ததில்லை.

செருப்பு கடித்து அவர் காலில் புண் வந்திருந்தது. ஒரு தடவை, "காட்டுங்க அத்தான், கழுவிக் கட்டுறேன்" என்று கேட்டாள். "வேணாம்மா, நானே பாத்துக்கிருவேன்" என்று காலை இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. வேட்டித் துணியைக் கிழித்து அவராகவே சுற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரையால் மரத்துப்போன கால், வலி தெரியாது.

அன்று அந்த ஜன்னலுக்கு வெளியே ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. கால் முற்றிப்போனால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும். அங்கிருந்து ஊருக்குப் போய்விடுவார். இங்கே திரும்பி வரமாட்டார். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அதை உதறினாள்; ஆனால் உள்ளே போய்க் காலைப் பார்க்கவும் இல்லை. மிச்சத் துணியையும் காயப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை, வீட்டு வேலை செய்யும் சாமியம்மாள் துடைப்பத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். பக்கத்துக் கிராமத்துக்காரி. அந்த பிளாக்கில் ஐந்து வீடுகளில் வேலை செய்தாள்.

"டீச்சர், பெரியவரு ரூம்புல பச்ச ஈயா மொய்ச்சிகினு கெடக்குதுங்க. வாடையும் ஒரு மாதிரியா இருக்குது. சாருகிட்ட சொல்லி இன்னான்னு பாக்கச் சொல்லுங்க."

"பலாப்பழ வாடைக்கு வருது. ஃபினாயில் ஊத்தித் துடைச்சு விடு" என்றாள் சந்திரகலா.

சாமியம்மாள் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஃபினாயில் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளைச்சாமி நைட் ஷிப்ட் முடித்து வந்தான். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் மெக்கானிக். அண்ணனுக்குக் காபி கொடுக்கப் பின்னறைக்குள் போனவன், டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டுச் சந்திரகலாவைக் கூப்பிட்டான். அவன் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது. அவள் போய்ப் பார்த்தாள். தூக்கத்தில் அய்யாசாமியின் கால்கட்டு அவிழ்ந்து கிடந்தது. கட்டைவிரலுக்குப் பின்னால் இருந்த குழியில் புழுக்கள் தலையை உள்ளே நுழைத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பின்பக்கம் மட்டும் தெரிய நின்றிருந்தன. நெல்லை நெருக்கி நட்டு வைத்த மாதிரி.

கம்பெனி ஆஸ்பத்திரியில் காட்ட வெள்ளைச்சாமிக்குக் கொடுத்திருந்த மெடிக்கல் புத்தகத்தில் அண்ணன் பெயர் இல்லை. அதனால் மந்தாரக்குப்பத்தில் தனியாக கிளினிக் வைத்திருந்த டாக்டர் கோபாலகிருஷ்ணனிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே வந்த புழுக்களை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அய்யாசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் டாக்டர்.

வெள்ளைச்சாமி பெண்டாட்டியைப் பார்த்தான். வீட்டில் இருக்கிறவள் அவள்தானே.

"நேத்துதான் டாக்டர் ஈயையே பாத்தேன்" என்றாள் சந்திரகலா.

"நேத்து முட்டை வச்சிருந்தா இதுக்குள்ள இவ்வளவு கொழுத்திருக்காதே."

"வெயில் காலத்துல சீக்கிரம் வளரும் டாக்டர்."

டாக்டர் தலையசைத்தார். அவள் ஸ்கூலில் ஜுவாலஜி டீச்சர் என்பது அவருக்குத் தெரியும். "அப்ப நீங்களே சொல்லுங்களேன், இது எந்த ஈ? சாதாரண ஈன்னா செத்த சதையைத்தான் தின்னும். சுத்தம் பண்ணிக் கட்டினாப் போதும். உயிருள்ள சதையைத் துளைக்கிற புண் ஈயா இருந்தா கீறி உள்ளே பாக்கணும். சர்க்கரைக்காரர், வீணாக் கீற எனக்குப் பயமா இருக்கு."

அவள் கிண்ணத்தைக் கையில் வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் புழுக்களின் உடம்பைச் சுற்றிச் சுற்றி முள் வளையங்கள் ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது. திருகாணியின் மரை மாதிரி. புண்ணுக்குள் அவை நின்ற நிலையும் புண் ஈ என்றே சொன்னது. பெயர் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், இந்த அளவு வளர இதற்கு ஒரு வாரம் ஆகும் என்பதையும் சொல்லவேண்டி வரும்.

"புழுவை வச்சு நிச்சயமா சொல்ல முடியாது டாக்டர்" என்றாள். "ஈ வெளியே வரட்டும். பாத்துச் சொல்றேன்."

அவர் நம்பினார். புண்ணைக் கழுவிக் கட்டி, ஊசி போட்டு அனுப்பினார். ஐந்தாறு புழுக்களை ஒரு மருந்து பாட்டிலில் போட்டு அவளிடம் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது சாமியம்மாள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சாமி அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"தினமும் அந்த ரூமைக் கூட்டுறவ நீ. ஒரு மனுசன் கால்ல புழு வச்சுக் கெடக்கு, உன் கண்ணுக்குத் தெரியலையா? நாளையிலருந்து வர வேணாம்."

"செவ்வாக்கெழமையே டீச்சருகிட்ட சொன்னனுங்களே" என்றாள் சாமியம்மாள்.

இரண்டு பேரும் சந்திரகலாவைப் பார்த்தார்கள்.

"ஈ இருக்குன்னு சொன்ன" என்றாள் சந்திரகலா. "கால்ல இப்படி இருக்குன்னு சொன்னியா?"

அதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூட எடுத்துக் காட்ட முடியாது. சாமியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்தாள்.

"இல்லிங்க. நான் ஒண்ணும் சொல்லலிங்க" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஸ்கூல் லேபில் ஒரு புழுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். சந்தேகப்பட இடமே இல்லை. கனத்த முள் வரிசைகள், முழுதாக வளர்ந்த உடம்பு. மிச்சத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈர மணல் போட்டு விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி அலமாரியில் வைத்தாள். புழுக்கள் மணலுக்குள் இறங்கின. கூடு கட்டி, அதிலிருந்து ஈ வர ஒரு வாரத்துக்குக் குறையாது. ஈ வந்தால்தான் உறுதி என்று புத்தகத்தில் இருக்கிறது. சிறகு உடம்போடு சேருகிற இடத்தில் மீன் செதில் மாதிரி ஒரு சின்ன மடல் உண்டு. பழுப்பாக இருந்தால் பெரியதலை ஈ, வெள்ளையாக இருந்தால் புண் ஈ. மாணவிகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: உறுதியாகத் தெரியாமல் பெயர் எழுதாதீர்கள் என்று. அதையே இப்போது தனக்கும் சொல்லிக்கொண்டாள். அது நல்ல பழக்கம்தானே என்றும் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அய்யாசாமிக்குக் காய்ச்சல் கண்டது. திங்கட்கிழமை கணுக்காலுக்கு மேலே சிவந்து வீங்கியது. வெள்ளைச்சாமி டாக்டரிடம் ஓடினான். அவர் மருந்தை மாற்றிக் கொடுத்து, "உங்க வீட்டம்மா என்ன ஈன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாராம்.

"வந்துருச்சா அந்த ஈ?" என்று வெள்ளைச்சாமி அவளிடம் கேட்டான்.

"இன்னும் இல்லைங்க. நாலஞ்சு நாள் ஆகும்."

அவன் அதையும் நம்பினான். அண்ணன் நெற்றியில் ஈரத் துணி போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனான். அவள் லீவு சொல்லிவிட்டுக் காவலுக்கு இருந்தாள். மத்தியானம் அய்யாசாமி பிதற்ற ஆரம்பித்தார். "திருச்சி லோடு ஏத்தியாச்சா? தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொல்லு, மழை வருது" என்று யாரையோ அதட்டினார். அவள் தண்ணீர் கொடுத்தபோது அடையாளம் தெரியாமல், "நீங்க யாரு தாயி, எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவள் பக்கத்து வீட்டு இசக்கியம்மாளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்கூலுக்குச் சைக்கிளை மிதித்தாள். லேபைத் திறந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். மணல் ஓரத்தில் பழுப்பு நிறக் கூடுகள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தன. ஈ இல்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், தான் இங்கே எதற்கு வந்தோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஈ இல்லை என்று பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். இன்னொரு நாள் கேட்டு வாங்க வந்திருக்கிறாள். அந்த நாள் கட்டிலில் கிடக்கிற மனிதருக்கு எதற்கும் ஆகாது. தனக்கு மட்டும்தான் ஆகும்.

பாட்டிலை வைத்துவிட்டு அங்கிருந்தே மந்தாரக்குப்பத்துக்குப் போனாள். கிளினிக்கில் கூட்டம். வரிசையைத் தாண்டி உள்ளே போனாள்.

"ஈ வந்துருச்சா?" என்றார் டாக்டர்.

"வரலை டாக்டர். ஆனா எனக்கு முதல் நாளே தெரியும். அது புண் ஈ. நேத்துதான் ஈயைப் பாத்தேன்னு உங்ககிட்ட சொன்னது பொய். அதுக்கு முந்தின சனிக்கிழமையே பாத்தேன்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா கீறிப் பாத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே பின்னறைக் கட்டிலில் வைத்துக் காலைத் திறந்து பார்த்தார். எலும்புகளுக்கு இடையில் இருந்த பொந்தில் இன்னும் புழுக்கள் இருந்தன. சில செத்து அழுகியிருந்தன. டாக்ஸி பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் வெள்ளைச்சாமியிடம் சொன்னாள். பெஞ்சில் அவன் ஒரு முனையிலும் அவள் மறு முனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் ஈ பார்த்தது, சாமியம்மாள் வந்து சொன்னது, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மனதுக்குள் வந்துபோன அந்த நினைப்பையும் சொன்னாள்.

அவன் தன் கைகளைப் பார்த்தான். கன்வேயர் கிரீஸ் நகக்கண்ணில் கறுத்திருந்த கைகள்.

"ஒன்னைய அவரு என்ன செஞ்சாரு?" என்று கேட்டான்.

பீடிப் புகை, பின்னறை, டீச்சரம்மா என்ற கேலி. சொல்ல இவ்வளவுதான் இருந்தது. அதற்கப்புறம் அவன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சாப்பாடு போட்டால் சாப்பிட்டான். வேண்டியதை இசக்கியம்மாள் வீட்டுப் பிள்ளைகள் மூலம் சொல்லி அனுப்பினான்.

ஈக்கள் அந்த வாரக் கடைசியில் வந்தன. ஒன்றைக் குளோரோஃபார்மில் மயக்கி லென்ஸின் கீழ் வைத்தாள். மஞ்சள் முகம், நீலம் கலந்த பச்சை உடம்பு, சிறகடி மடல் மெழுகு மாதிரி வெள்ளை. அவள் நினைத்தது சரி. இதுவரைக்கும் எந்த ஈயின் பெயரையும் சரியாகச் சொல்லி அவள் இப்படிக் கூனிக் குறுகியதில்லை. பாட்டிலில் இருந்த எல்லாவற்றையும் கொன்றாள். ஸ்கூல் சேகரிப்பில் வைக்க மனமில்லை. எரித்துவிட்டாள்.

பிறகு சாமியம்மாளைத் தேடிப் போனாள். வீட்டில் இல்லை; குள்ளஞ்சாவடிக்குப் போகிற ரோட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் இருந்தாள். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"நான் பொய் சொல்லிட்டேன் சாமியம்மா. நீ என்கிட்ட சொன்னது சாருக்குத் தெரிஞ்சுபோச்சு. நான்தான் சொன்னேன். மறுபடியும் வேலைக்கு வா."

சாமியம்மாள் கொட்டை உடைப்பதை நிறுத்தவில்லை.

"ஒங்க வூட்டோட போச்சுங்களா டீச்சர்? புழு வச்ச வூட்ல வேல செஞ்சவ, கண்டுக்காம வுட்டவன்னு மீதி நாலு வூட்லயும் என்னைய நிறுத்திட்டாங்க. எங்கிட்ட வந்து சொல்லிகினு இருக்கிறீங்க. அவங்ககிட்ட போயி சொல்லுவீங்களா?"

சந்திரகலா அதை எதிர்பார்க்கவில்லை. "சொல்றேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனாள். முதல் வீட்டில் சுப்புலட்சுமி என்று, சுரங்கத்தில் ஆட்களை மேற்பார்க்கும் ஓவர்மேன் ஒருவரின் மனைவி; காபி போடப் போனவளை நிறுத்தி, சந்திரகலா நின்றபடியே சொல்லி முடித்தாள். சுப்புலட்சுமிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இரண்டாவது வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை ஏங்க எங்ககிட்ட வந்து சொல்றீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரி ஆவலாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துருவிக் கேட்டாள்; அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நாலாவது வீட்டு மகள் அவளிடம் படிக்கிற பெண். அம்மாவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. சந்திரகலா அந்தப் பெண்ணையும் பார்த்துத்தான் சொன்னாள்.

இரண்டு வீட்டில் சாமியம்மாளைத் திரும்பவும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவள் சந்திரகலா வீட்டுக்கு வரவில்லை. ரோட்டில் எதிரே பார்த்தால் தலையசைப்பாள், நிற்கமாட்டாள்.

அய்யாசாமியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தது ஆடி மாதக் கடைசியில். ஊருக்குத்தான் போவார் என்று அவள் அன்று நினைத்தது நடக்கவில்லை. ஒற்றைக் காலோடு அவர் எங்கே போவார். அதே பின்னறை, அதே கட்டில். வெள்ளைச்சாமி முதல் ஷிப்டுக்குப் போனபிறகு கட்டு மாற்றுகிற வேலை அவளுடையது என்று யாரும் சொல்லவில்லை. அவளே வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்ல வேணாம்" என்றார் அய்யாசாமி. "தம்பி சொல்லிட்டான்."

அவள் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

"நாத்தம் எனக்கும்தான் தெரிஞ்சுச்சு" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "சொன்னா ஆஸ்பத்திரி, அங்கருந்து ஊருன்னு அனுப்பிருவீகன்னு நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் கெடந்தேன். அதுக்காக நீ செஞ்சது இல்லேன்னு ஆயிராது. அதை நான் மறக்கப்போறதும் இல்ல."

"சரி" என்றாள் அவள்.

"ஆனா ஒண்ணு. நீங்க ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா இந்த வீட்டுல என்னால குடியிருக்க முடியாது. எனக்கு வேற எடமும் இல்ல. அவன்கிட்டயும் சொல்லிட்டேன், பேசுடான்னு. அவனா பேசலைன்னா நீயா பேசு."

"பேசுனா பதில் வரமாட்டேங்குது அத்தான்."

"வர்ற வரைக்கும் பேசு. தண்ணி ஆறிப்போகுது பாரு."

அவள் கட்டை அவிழ்த்தாள். தையல் ஓரத்தில் சிவப்பு இருக்கிறதா, ஈரம் கசிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் சுத்தமாக இருந்தது. அவர் இந்தத் தடவை காலை இழுத்துக்கொள்ளவில்லை. பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"வலிச்சாச் சொல்லுங்க" என்றாள்.

"மேல வலிக்குது" என்றார் அவர். "கொஞ்சம் மெதுவா."